ஊர் மாறியவர் புதிய அணியை ஏற்பது துரோகமன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் உங்கள் வாசகர் பக்கத்தில் வெளிவந்த கடிதமொன்றை இரண்டு தடவை படித்தேன். வேலைக்காகவும் படிப்புக்காகவும் ரொறன்ரோவை விட்டுப் போகும் நம் பிள்ளைகள், ஓரிரு ஆண்டுகளிலேயே அந்தந்த ஊர்ப் பனி ஹொக்கி அணிகளின் ஜேர்சியைப் போட்டுக்கொண்டு விடுமுறைக்கு வீடு வருகிறார்கள் என்றும், சிறுவயதிலிருந்து கூடவே வந்த அணியைக் கைவிடுவது நன்றி மறந்த செயல் என்றும், அதிலும் வெற்றியே காணாத அணிகளைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொள்வது எந்தப் புத்தியில் சேர்ந்தது என்றும் அதை எழுதிய அன்பர் மனம் வருந்திக் கேட்டிருந்தார். அவருடைய வருத்தத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் குறை சொல்லும் அதே காரியத்தை 2008 ஆம் ஆண்டில் செய்து, அதன் பிறகு 16 ஆண்டுகள் அதிலேயே நின்றவன் என்ற முறையில் அவருக்குப் பதில் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நான் 1989 இல் கனடாவுக்கு வந்தவன். ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் ஐந்து பேர் ஒன்றாக இருந்தோம். சனிக்கிழமை இரவுகளில் தொலைக்காட்சியில் வரும் ஹொக்கி ஆட்டத்தைப் பார்ப்பது தவிர வேறு பொழுதுபோக்குக்கு எங்களிடம் காசும் இல்லை, பழக்கமும் இல்லை. துடுப்பாட்டமும் உதைபந்தாட்டமும் தெரிந்த எங்களுக்கு பந்துக்குப் பதிலாக அவர்கள் அடிக்கும் அந்தக் கறுப்பு இறப்பர் வட்டு, 'பக்', எங்கே போகிறது என்று கண்ணால் பிடிக்கவே ஒரு குளிர்காலம் எடுத்தது. எதிரணிப் பக்கத்து நீல நிறக் கோட்டைப் பக்குக்கு முன்னால் வீரன் தாண்டக்கூடாது என்பதை, தொழிற்சாலையில் என்னோடு இரவு வேலை செய்த நியூபவுண்லாந்துக்காரர் ஒருவர் உணவு இடைவேளையில் மேசைமேல் உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் நகர்த்தி விளங்கப்படுத்தினார். அன்றிலிருந்து ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப்ஸ் என் அணி. 1997 இல் சுவீடனிலிருந்து வந்த மட்ஸ் சண்டீனைத் தலைவராக்கியபோது, பிற நாட்டிலிருந்து வந்த ஒருவரை இந்த ஊர் தன் அணியின் முன்னால் நிறுத்துகிறதே என்று நாங்கள் அடைந்த மகிழ்ச்சியை இன்றும் மறக்கவில்லை.

1999 இலும் 2002 இலும் கிண்ணத்துக்கான இறுதிப் போட்டியின் வாசல் வரைக்கும் போய்த் திரும்பிய அணி அது. தேசிய ஹொக்கி லீக்கின் வெற்றிக் கிண்ணமான அந்த ஸ்ரான்லி கிண்ணத்தை 1967 இற்குப் பிறகு தொட்டதில்லை. ஆகவே தோல்வி எனக்குப் புதிய பொருளன்று. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லீஃப்ஸ் தோற்றாலும் அரங்கு நிறையும். நுழைவுச்சீட்டுகள் தகப்பனிடமிருந்து மகனுக்குக் காணி உறுதி போலக் கைமாறும். அந்த நகரத்தில் வாழ்ந்த 19 ஆண்டுகளில் நான் உள்ளே போய் ஆட்டம் பார்த்தது இரண்டே தடவைதான். அந்த இரண்டு தடவையும் போகாமல் விட்டிருந்தாலும் என் இருக்கையில் வேறொருவர் இருந்திருப்பார்.

2008 கோடையில் வேலை மாற்றமாகி, மனைவியையும் நான்கு வயது மகளையும் கூட்டிக்கொண்டு அரிசோனா மாநிலத்தின் சான்ட்லர் நகருக்கு வந்தேன். பீனிக்ஸைச் சூழ்ந்திருக்கும் நகரங்களுள் அதுவும் ஒன்று. மின்னணுச் சில்லுத் தொழிலால் நம்மவர் பலர் வந்து குடியேறிய ஊர். சண்டீனும் அதே கோடையோடு லீஃப்ஸை விட்டு நீங்கியவர் என்பதால், எங்கள் வீட்டில் அந்த ஆண்டு இரண்டு பிரிவுகள் நடந்தன என்று மனைவி சொல்வதுண்டு. பக்கத்து வீட்டுக்காரர் யாரென்று தெரியாது. பகலில் வெளியே கால் வைக்க முடியாது. ஒக்ரோபர் மாதம் வந்தும் வெயில் இறங்கவில்லை. அந்த நிலையில், அலுவலகத்தில் யாரோ வேண்டாமென்று விட்ட மூன்று சீட்டுகளை எடுத்துக்கொண்டு பீனிக்ஸ் கயோட்டீஸ் அணியின் ஆட்டத்துக்குப் போனோம்.

அரங்கு கிளென்டேலில் இருந்தது. வாகனத் தரிப்பிடத்தில் நான் கண்ட காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. தார்த்தரையிலிருந்து அனல் எழும்பிக்கொண்டிருக்க, அரைக்காற்சட்டையோடு வந்திறங்கிய குடும்பங்கள் காரின் பின்பக்கத்தைத் திறந்து கம்பளிச் சட்டைகளையும் குல்லாய்களையும் எடுத்துக் கையில் மடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தன. எங்களிடம் ஒன்றும் இல்லை. உள்ளே நுழைந்ததும் பனித்தளத்தின் மணம் மூக்கில் ஏறியது. அந்த மணத்தை அறியாதவருக்கு அதைச் சொல்லி விளக்க முடியாது. ஈரமான இரும்பும் பழைய இறப்பரும் கலந்த குளிர். ஸ்காபரோவில் மாநகரசபை வளாகத்தில் பிள்ளைகள் சறுக்கி விளையாடும் இடத்திலும் அதே மணம்தான். என் மகள் நடுங்குவதைக் கண்டு, முன்வரிசையில் இருந்த ஒரு முதிய பெண்மணி தன் தோளில் கிடந்த கயோட்டீஸ் துண்டை எடுத்து ஒரு வார்த்தை பேசாமல் அவளைச் சுற்றிக் கட்டினார். எங்கள் வரிசையில் 20 இருக்கைகள் இருந்தால் 13 வெறுமையாகக் கிடந்தன. அடுத்த கிழமையும் வருவீர்களா என்று அந்தப் பெண்மணி கேட்டார். வந்த நாள் முதல் அந்த ஊரில் எங்களை ஒருவர் 'வருவீர்களா' என்று கேட்டது அதுவே முதல் தடவை.

அன்பர் தம் கடிதத்தில் கேட்ட 'ஏன் தோற்கும் அணி' என்ற கேள்விக்கு என் விடை அந்த 13 இருக்கைகளில் இருக்கிறது. வெற்றி பெறும் அணிக்குப் புதிதாக வந்தவன் தேவையில்லை. அங்கே அவன் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியவன். தோற்கும் அணியின் ரசிகரோ புதிதாக வந்தவனுக்குப் பக்கத்து இருக்கையைத் தட்டிக் காட்டுவார். அவன் பெயரைக் கேட்பார். அடுத்த தடவை வராவிட்டால் எங்கே போனாய் என்றும் கேட்பார். நாடு விட்டு நாடு வந்து, பிறகு ஊர் விட்டு ஊர் வந்த எங்களைப் போன்றோருக்கு இது சிறிய காரியமன்று.

நாங்கள் பிடித்துக்கொண்ட அந்தக் கை எவ்வளவு பலவீனமானது என்பது அடுத்த மே மாதத்தில்தான் தெரிந்தது. 2009 மே 5 ஆம் நாள் அணியின் உரிமையாளர் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றம் சென்றார். பிளாக்பெரி கைபேசிகளைத் தயாரித்த நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவரான ஜிம் பால்சிலி 212.5 மில்லியன் டொலர் கொடுத்து அணியை வாங்கி ஒன்ராறியோவின் ஹமில்ரனுக்குக் கொண்டுபோக முன்வந்தார். ஆட்டத்தில் ஒப்பாரில்லாதவரெனப் பெயர்பெற்ற வெய்ன் கிரெட்ஸ்கி அப்போது எங்கள் பயிற்சியாளர். அந்தக் குழப்பத்திலேயே அவரும் விலகினார். இறுதியில் நீதிபதி ஹமில்ரன் திட்டத்தை ஏற்க மறுக்க, தேசிய ஹொக்கி லீக்கே 140 மில்லியன் டொலர் அளவில் அணியை வாங்கி நடத்த வேண்டியதாயிற்று.

அந்தக் கோடை முழுவதும் ஸ்காபரோவிலிருந்து நண்பர்கள் தொலைபேசியில் அழைத்தார்கள். ஹமில்ரனுக்கு அணி வந்தால் ஒரு மணித்தியாலத்தில் போய்ப் பார்க்கலாம், உனக்கும் இரண்டு சீட்டு எடுத்து வைக்கிறோம் என்று மகிழ்ச்சியோடு சொன்னார்கள். அதில் எவ்விதக் கெட்ட எண்ணமும் இல்லை. ஆனால் எனக்கு நெஞ்சு அடைத்தது. என் மகளுக்குத் துண்டைக் கட்டிவிட்ட அந்த அம்மாள் 1996 இலிருந்து ஒரு பருவமும் தவறாமல் வந்துகொண்டிருந்தவர். அவரிடமிருந்து எடுத்து எனக்குத் தரப்படும் சீட்டை நான் எப்படி வாங்குவது? நண்பர்களுள் மிக நெருங்கிய ஒருவரோடு அந்தப் பேச்சு வாக்குவாதமாகி, நாங்கள் பேசாமலிருந்த மாதங்களும் உண்டு. நான் அணி மாறிவிட்டேன் என்பதை நானே அறிந்துகொண்டது அப்போதுதான். முடிவெடுத்து மாறியதாக எனக்கு நினைவில்லை.

'பாலைவனத்தில் பனி ஹொக்கி எப்படி வாழும்?' என்பது உங்கள் பத்திரிகை உட்பட ரொறன்ரோவில் எல்லோரும் சொல்லும் வாக்கியம். அது தவறான கேள்வி என்பதை இங்கே வாழ்ந்தவன் என்ற முறையில் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். 1996 இல் கனடாவின் வினிப்பெக்கிலிருந்து அணி வந்தபோது, பீனிக்ஸ் நகர மத்தியில் கூடைப்பந்துக்காகக் கட்டப்பட்ட அரங்கில் அதைக் குடியமர்த்தினார்கள். பனித்தளம் கூடைப்பந்துத் தளத்தைவிட மிகப் பெரியது என்பதால், மேல்மாடத்தின் ஒரு பக்கத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் பக்கக் கோல் வலை கண்ணுக்கே தெரியாது. பிறகு கிழக்கே, ஹொக்கி ரசிகர் பெருவாரியாக வாழும் ஸ்கொட்ஸ்டேலில் அரங்கு கட்டத் திட்டமிட்டார்கள், அது கைகூடவில்லை. 2003 டிசெம்பரில் நகரப் பரப்பின் மேற்கு எல்லையிலுள்ள கிளென்டேலுக்குப் போனார்கள். அரங்கு அழகானதுதான், குறையொன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் வீட்டிலிருந்து 50 கிலோமீற்றருக்கும் அதிகம். கிழமை நாளில் மாலை ஏழு மணி ஆட்டத்துக்கு ஐந்தரைக்கே புறப்பட வேண்டும். மேற்கு நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில் மறையும் சூரியன் நேரே கண்ணில் குத்தும். வேலையிலிருந்து வந்தவர் குளிக்கவும் நேரமிராது. ரொறன்ரோ அணியின் அரங்கை ஒஷாவாவுக்கு அப்பால் கொண்டுபோய் வைத்து, கிழமைக்கு இரண்டு இரவு மிசிசாகாவிலிருந்து வா என்றால் எத்தனை பேர் வருவார்கள்? வெயில் இங்கே குற்றவாளியல்ல. அணியை எங்கே வைப்பது என்று முடிவெடுத்தவர்கள் ரசிகர் எங்கே படுத்தெழும்புகிறார் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதே என் முறைப்பாடு.

இத்தனைக்கும் நடுவில் அணி ஆடியது. லீக்கின் கைப்பணத்தில், நாளைக்கு எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாத வீரர்களை வைத்துக்கொண்டு, டேவ் ரிப்பெற் என்ற பயிற்சியாளர் 2009-10 பருவத்தில் 50 வெற்றிகளைப் பெற்றுத் தந்தார். அவ்வாண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது அவருக்கே கிடைத்தது. 2012 வசந்தம் அதைவிடப் பெரியது. பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் பிளே-ஓஃப் தொடரின் முதற்சுற்றில் சிக்காகோவோடு ஆடிய முதல் ஐந்து ஆட்டங்களும் மேலதிக நேரத்துக்குப் போயின. அந்த இரண்டு கிழமையும் எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஆறாவது ஆட்டத்தில் வென்றபோது, 1987 இற்குப் பிறகு அந்த அணி வென்ற முதற்சுற்று அது. அடுத்து நஷ்விலையும் வென்று, மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்றில் லொஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸிடம் தோற்றோம். அவர்களே அந்த ஆண்டுக் கிண்ணத்தையும் எடுத்தார்கள். பிளே-ஓஃப் ஆட்டங்களுக்கு எல்லோரும் வெள்ளை உடுத்துவது வினிப்பெக்கில் தொடங்கி அணியோடு இங்கே வந்த வழக்கம். என்னிடமிருந்த ஒரே வெள்ளைச் சட்டை கோயிலுக்குப் போடும் சட்டை. அதைத்தான் போட்டுக்கொண்டு போனேன்.

ஷேன் டோன் என்ற பெயரைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை எழுத முடியாது. வினிப்பெக்கில் இளைஞராகச் சேர்ந்து, அணியோடு பாலைவனத்துக்கு வந்து, 21 பருவங்களும் 1,540 ஆட்டங்களும் இந்த ஒரே அணிக்காக ஆடியவர். உரிமையாளர் யாரென்றே தெரியாத 2012 கோடையில் வேறு அணிகள் அழைத்தும் போகாமல் இங்கேயே கையொப்பமிட்டார். அதே ஆண்டு ஜனவரி 7 ஆம் நாள் நியூயோர்க் ஐலண்டர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் நாங்கள் அரங்கில் இருந்தோம். ஆயிரத்துக்கும் அதிகமான ஆட்டங்கள் ஆடியும் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் என்ற பேறு அதுவரை டோனுக்கு வாய்த்ததில்லை. அன்று இரண்டு போட்டிருந்தார். வெற்றி எப்போதோ உறுதியாகிவிட்டது; சிலர் வாகன நெரிசலுக்கு அஞ்சி எழுந்து போயிருந்தார்கள். மூன்றாவது கோல் விழுந்தபோது மணிக்கூட்டில் மிஞ்சியிருந்தது ஒரு செக்கனில் பத்திலொரு பங்கு. மூன்று கோல் போட்டவரை வாழ்த்தும் வழக்கப்படி ரசிகரின் தொப்பிகள் பனித்தளத்தில் வந்து விழத் தொடங்கின. எட்டு வயதை எட்டிக்கொண்டிருந்த என் மகள் தன் தொப்பியைக் கழற்றினாள். அது பாட்டி யாழ்ப்பாணத்திலிருந்து பின்னி அனுப்பியது. எறியட்டுமா என்று என்னைப் பார்த்தாள். எறி என்றேன். அம்மாவிடம் அதை நாங்கள் இன்றுவரை சொல்லவில்லை. இந்தக் கடிதம் அவர் கண்ணில் பட்டால் மன்னிக்க வேண்டுகிறேன்.

நல்ல நாட்களை மட்டும் சொல்லிக்கொண்டு போனால் அது உண்மைக்கு ஒவ்வாது. லீக்கிலேயே மிகக் குறைந்த பார்வையாளர் வந்த அரங்குகளுள் எங்களது ஒன்று. சிக்காகோ, டிற்றோயிற் அணிகள் வந்தால், அந்த ஊர்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் சிவப்பு ஜேர்சிகள் எங்கள் வீட்டு அரங்கிலேயே எங்களை மூழ்கடிக்கும். 2014-15 பருவத்தில் 82 ஆட்டங்களில் 24 மட்டும் வென்றோம். 2017 இல் முதல் 11 ஆட்டங்களில் ஒன்றுகூட வெல்லவில்லை; ஒக்ரோபர் 30 இல் பிலடெல்பியாவில் மேலதிக நேரத்தில் கிடைத்த முதல் வெற்றிக்கு, எங்கள் வீட்டில் மனைவி பாயாசம் வைத்தார். பிளே-ஓஃப் சுற்று வேறு ஊர்க்காரருக்கானது என்று பழகிக்கொண்டோம். இருந்தும் போனோம். அந்த முதிய அம்மாள் தம் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்த பருவத்தில், அவரை இருக்கைக்குப் பிடித்து ஏற்றிவிடுவது என் மகளின் வேலையாயிற்று.

லீஃப்ஸ் கிளென்டேலுக்கு வரும் நாளில் என்ன செய்தாய் என்று அன்பர் கேட்கக்கூடும். முதல் தடவை நான் வேண்டுமென்றே இரண்டு அணியின் நிறமும் இல்லாத சட்டையொன்றைப் போட்டுக்கொண்டு போனேன். நீல ஜேர்சிகள் அரங்கில் பாதியை நிறைத்திருந்தன. அவர்களுள் ஸ்காபரோ முகங்களும் இருந்தன. தமிழும் காதில் விழுந்தது. லீஃப்ஸ் கோல் போட்டபோது என் கை தானாக உயரப் பார்த்தது. ஆனால் கண் போனது அந்த அம்மாளின் முகத்துக்கு. அதற்கு மேல் என்னால் விளக்க முடியவில்லை. லீஃப்ஸை நான் இன்றும் விட்டவனல்லேன். அவர்களுடைய ஒவ்வொரு பிளே-ஓஃப் தோல்வியும் எனக்கும் நோகிறது. பிறந்த வீட்டை மறந்தால்தான் புகுந்த வீட்டில் வாழலாம் என்று நம் பெண்களுக்கு யாரும் சொல்வதில்லையே. இரண்டு வீட்டுக்கும் நல்லது கெட்டது பார்ப்பதைத்தான் நாம் பண்பு என்கிறோம்.

கிளென்டேல் மாநகரசபைக்கும் அணிக்கும் இடையிலான கதை நீளமானது. அதைச் சுருக்கியே சொல்கிறேன். அணியைத் தக்கவைக்க லீக்குக்கு இரண்டு பருவங்கள் தலா 25 மில்லியன் டொலர் கட்டிய சபை, 2013 இல் ஒரு வாக்கு வித்தியாசத்தில் 15 ஆண்டு ஒப்பந்தமொன்றை நிறைவேற்றி, 2015 இல் அதை முறித்து, கடைசியில் 2022 இல் குத்தகையைப் புதுப்பிக்காமல் விட்டது. வரி கட்டும் மக்களின் பணம் அது. அதற்குக் கணக்குக் கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பேச்சுவார்த்தைகளில் எந்த மேசையிலும் இருக்கை வாங்கி வந்த ரசிகருக்கு ஓர் இருக்கை இருந்ததில்லை.

அதன் பிறகு நடந்தது எந்தப் பெரிய லீக்கிலும் காணாத ஒன்று. பீனிக்ஸை அடுத்த ரெம்பியில் உள்ள அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மலற் அரங்கில், ஏறக்குறைய 4,600 இருக்கைகளுக்கு நடுவே, உலகின் மிகச் சிறந்த ஹொக்கி வீரர்கள் வந்து ஆடினார்கள். 2022 ஒக்ரோபர் 28 இல் அங்கே நடந்த முதல் ஆட்டத்தில் எதிரணி வினிப்பெக் ஜெற்ஸ். மேலதிக நேரத்தில் தோற்றோம். வெளியூர்ப் பத்திரிகைகள் அதை அவமானம் என்று எழுதின. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். என் மகள் அப்போது அதே பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவி. மாணவர் பகுதியில் அவளும், கையிருப்பு அனுமதித்த நாட்களில் மறுமுனையில் நானுமாக இருந்து பார்த்தோம். பெரிய அரங்கில் தெரியாத பலவும் அங்கே காதுக்குத் தெரிந்தன. கோல் காப்பாளர் தன் பின்களக்காரரின் பெயரைக் கூப்பிடுவது, வீரன் திரும்பும்போது சறுக்குக் காலணியின் விளிம்பு பனியைச் சீவும் ஒலி, மாற்றாட்டக்காரர் தடுப்புச்சுவரைத் தாண்டும்போது விடும் மூச்சு. 33 ஆண்டுகளாக ஹொக்கி பார்த்தவனுக்கு அது முதல் தடவையாகக் கேட்டது போல இருந்தது.

புதிய அரங்கு கட்டும் திட்டம் 2023 மே 16 இல் ரெம்பி மக்களின் வாக்கெடுப்பில் தோற்றது. எனக்கு அங்கே வாக்கில்லை. எதிர்த்து வாக்களித்த நண்பர்கள் சிலர் வாடகை உயர்வையும் வரிச்சலுகையையும் காட்டிப் பேசியபோது அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருந்ததை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 2024 ஏப்ரல் 17 இல் எட்மன்ரனை 5-2 என்று வென்ற ஆட்டமே அரிசோனாவில் அந்த அணியின் கடைசி ஆட்டம். மறுநாள் அணியின் வீரர்களும் ஒப்பந்தங்களும் யூற்றா மாநிலத்தின் சோல்ற் லேக் சிற்றிக்குப் போகும் ஏற்பாட்டுக்கு லீக் ஒப்புதல் கொடுத்தது. அந்தக் கடைசி ஆட்டத்துக்கு எனக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை, மகளுக்குக் கிடைத்தது. ஆட்டம் முடிந்ததும் அவள் தொலைபேசியில் அழைத்துப் பேசாமல் அதைத் தூக்கிப் பிடித்தாள். யாரும் எழுந்து போகாத ஓர் அரங்கின் இரைச்சலை நான் சமையலறையில் நின்று 20 நிமிடம் கேட்டேன். அந்த முதிய அம்மாள் அதற்கு முந்திய ஆண்டே காலமாகிவிட்டார். அவருக்கு அந்த இரவைப் பார்க்க நேரவில்லை என்பதை நினைத்து ஆறுதல் அடைவதா, வருந்துவதா என்று எனக்குத் தெரியவில்லை.

தோற்கும் அணிக்குச் செலவிட்டது வீண் என்று அன்பர் கருதுவாராயின், அவர் நேசிக்கும் லீஃப்ஸ் அணியையே திரும்பிப் பார்க்கும்படி வேண்டுகிறேன். 2016 இல் அணிகள் புதிய இளம் வீரர்களைத் தெரிவுசெய்யும் நிகழ்வில் முதல் தெரிவாக ரொறன்ரோவுக்கு வந்து, முதல் ஆட்டத்திலேயே நான்கு கோல் போட்டு, பின்னர் அணித்தலைவரான ஓஸ்ரன் மத்தியூஸ் ஸ்கொட்ஸ்டேலில் வளர்ந்தவர். ஹொக்கியை முதன்முதலில் கண்டது கயோட்டீஸ் ஆட்டங்களுக்குக் குடும்பத்தோடு போன சிறுவயதில். அவர் விரும்பிப் பார்த்த வீரர்களுள் ஒருவர் எங்கள் டோன். 2021 இல் ரொறன்ரோ தெரிவுசெய்த மத்தியூ நைஸும் பீனிக்ஸ் பிள்ளையே. வெறுமையாகக் கிடந்ததாகச் சொல்லப்பட்ட அந்த அரங்கின் இருக்கைகளில் யார் மடியில் யார் இருந்தார்கள் என்பதை ரொறன்ரோ இன்று தன் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பிள்ளைகளை முதலில் கூட்டிவந்து காட்டியவர்கள், அணி தோற்கிறதென்று வீட்டில் இருந்துவிடாத தாய் தகப்பன்மார்.

வினிப்பெக் மக்களிடம் எனக்கொரு கடன் இருப்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு 28 ஆண்டுகள் மகிழ்ச்சி தந்தது அவர்களிடமிருந்து 1996 இல் எடுக்கப்பட்ட அணி. குளிர்காலத்தைக் கழிக்க மனிற்றோபாவிலிருந்து இங்கே வரும் முதியவர் ஒருவர் எங்கள் பகுதியில் பல ஆண்டுகள் அமர்ந்தார். பழைய வினிப்பெக் சீட்டின் கிழிந்த பாதி அவருடைய பணப்பையில் இருந்தது. 'இவர்களைப் பார்க்க நான் கோபத்தோடுதான் முதலில் வந்தேன்' என்று ஒருநாள் சொன்னார். பிறகு கோபம் எப்போது போயிற்று என்று அவருக்கே தெரியவில்லை. 2011 இல் அட்லாண்டாவின் அணி வினிப்பெக்குக்கு மாற்றப்பட்டபோது அவர் மகிழ்ந்தார். ஆனால் அன்று மாலை அட்லாண்டாவில் ஒரு கிழவன் என்ன செய்துகொண்டிருப்பான் என்றும் கேட்டார்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் எனக்கொரு வேண்டுகோளும் உண்டு. உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் லீஃப்ஸ் பற்றியும் இந்தியத் துடுப்பாட்டம் பற்றியும் நிறையவே வருகின்றன; வரட்டும். ஆனால் உங்கள் வாசகரின் பிள்ளைகள் இன்று எட்மன்ரனிலும் கொலம்பஸிலும் சான் ஹொசேயிலும் இருக்கிறார்கள். அந்தந்த ஊர் அணிகள் எப்படி ஆடுகின்றன, அந்த அரங்குகளில் நம்மவர் எங்கே அமர்கிறார்கள் என்பதை மாதம் ஒருமுறையாவது எழுதினால், தொலைபேசியில் 'சாப்பிட்டாயா' என்பதற்கு அடுத்ததாக என்ன கேட்பதென்று தெரியாமல் தவிக்கும் பெற்றோருக்குக் கேட்க ஒன்று கிடைக்கும். என் வீட்டில் அந்த வேலையை ஹொக்கிதான் செய்தது. பதின்ம வயதில் என்னோடு வேறெதையும் பேச விரும்பாத மகள், கிளென்டேல் போய்வரும் அந்த இரண்டு மணித்தியாலக் கார்ப் பயணத்தில் எல்லாவற்றையும் பேசினாள். அணி நன்றாக ஆடியிருந்தால் ஒருவேளை ஆட்டத்தைப் பற்றி மட்டும் பேசியிருப்பாள்.

அவள் இப்போது வேலை கிடைத்து பஃபலோ நகரில் இருக்கிறாள். ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டம். பஃபலோ சேபர்ஸ் 2011 முதல் 2025 வரை தொடர்ந்து 14 பருவங்கள் பிளே-ஓஃப் சுற்றையே காணாமல், லீக் வரலாற்றில் எவரும் விரும்பாத ஒரு சாதனையை வைத்திருக்கும் அணி. லீஃப்ஸ் அங்கே ஆடும் நாளில் எல்லை தாண்டிப் போய் அந்த அரங்கை நீலமாக்குவது நம்மவருக்கும் வழக்கம் என்பது எனக்குத் தெரியும். 2025 கோடையில் அந்த அணி யூற்றாவிலிருந்து பெற்ற வீரர்களுள் ஒருவர் ஜோஷ் டோன். எங்கள் ஷேன் டோனின் மகன். குடியேறிய முதல் மாதமே என் மகள் இரண்டு சீட்டுகள் எடுத்துவிட்டாள். பக்கத்து இருக்கைக்கு யாரைக் கூட்டிப் போகிறாய் என்று கேட்டேன். மாடியில் குடியிருக்கும் பெண் ஒருத்தி போன கிழமைதான் அந்த ஊருக்கு வந்திருக்கிறாள், ஹொக்கி ஒன்றும் தெரியாதாம், அரங்கில் குளிரும் என்று சொல்லிக் கம்பளிச் சட்டை எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன் என்றாள்.

இங்ஙனம்,
ஒரு பழைய ஸ்காபரோ வாசகர்,
சான்ட்லர், அரிசோனா